நீல மூடிக் குழாய்

ராதோவனுக்குப் பேச வராது என்று ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஓப்பல் சுரங்க ஊரான கூபர் பீடியில் யாரும் சொல்லிவிட முடியாது. ஓப்பல் கல்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிவப்பு எந்தக் கல்லில் ஓடும், பச்சை எதில் ஒளிந்திருக்கும், பால் மாதிரி வெளுத்துக் கிடக்கிற வெத்துக் கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தே எப்படித் தூக்கி எறியலாம் என்று சோறு தண்ணி இல்லாமல் பேசுவான். வெயிலைச் செர்பிய மொழியில் திட்டுவான், ஈயை ஆங்கிலத்தில் திட்டுவான், சுரங்கக் கூட்டாளி பெப்பினோவை மட்டும் இரண்டு மொழியையும் கலந்து திட்டுவான். ஆனால் கலியோப்பியின் கடைக்குள் காலை வைத்தானோ இல்லையோ, அந்த வாயில் யாரோ கொழுக்கட்டையைத் திணித்துவிடுவார்கள்.

கலியோப்பி கிரேக்கக்காரி. புருஷன் போனபிறகு தனியாளாகக் கடையை நடத்தினாள். ஒரு பக்கம் வெங்காயம், டின் மீன், மெழுகுவர்த்தி. இன்னொரு பக்கம் மண்வெட்டி, கயிறு, திரி, வெடி. வாங்க வருகிறவர்களைத் திட்டிக்கொண்டேதான் சாமான் கொடுப்பாள். திட்டு வாங்காமல் வெளியே வந்தவன், அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று ஊரில் விசாரிப்பான்.

“என்ன வேணும்?”

“திரி.”

“எவ்வளவு?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா? உன் மூக்கு நீளமா, பெப்பினோ நாக்கு நீளமா? அளவு சொல்லத் தெரியாதவன் எல்லாம் வெடி வைக்கப் போறான், சாமி!”

ராதோவன் நின்று கேட்பான். ஐம்பதைத் தாண்டிய ஆள், மாடு மாதிரி தோள், கல்யாணம் என்று ஒன்று ஆகாதவன். தினமும் சாயங்காலம் ஏதாவது ஒன்றை வாங்க வந்துவிடுவான். வேறு ஒன்றும் தோன்றாவிட்டால் தீப்பெட்டி. அவன் வீட்டில் இருந்த தீப்பெட்டிகளை வைத்து அடிலெய்டு நகரத்தையே கொளுத்தியிருக்கலாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் கல்லைப் போட வந்தாள் ஃபோட்டினி, கலியோப்பியின் அக்கா. அடிலெய்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். இறங்கும்போதே கையில் பெட்டி, வாயில் புகார். தூசி, ஈ, தண்ணீரின் ருசி, நடுரோட்டில் படுத்திருந்த நாய் எல்லாவற்றையும் தங்கையின் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் திட்டி முடித்துவிட்டாள். மலையைக் குடைந்து செய்த அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் புதுத் தெம்பு வந்துவிட்டது.

“ஜன்னல் எங்கடி?”

“மலைக்குள்ள ஜன்னல் வெச்சா என்னக்கா தெரியும்? மலைதான் தெரியும்.”

“அப்புறம் அந்தச் சுவத்துல திரைச்சீலை எதுக்கு?”

“அழகுக்கு.”

ஃபோட்டினி திரையை விலக்கிப் பார்த்தாள். பாறை. மறுபடி மூடினாள். “எலிகூட ரெண்டு வாசல் வெச்சுத்தான்டி வளை தோண்டும்.”

“எலி வளையானாலும் தனி வளைக்கா,” என்றாள் கலியோப்பி.

“அதைத்தான் நானும் சொல்றேன். தனியா இந்தக் குழிக்குள்ள கிடந்து செத்தா உன்னைப் புதைக்கக்கூட வேண்டியதில்லை, வாசலை அடைச்சுட்டுப் போயிடுவாங்க. என்னோட வந்துடு. உன்னைப் போகாதேன்னு சொல்ல இந்த ஊர்ல ஒருத்தராவது இருக்காங்களா?”

கலியோப்பி திரைச்சீலையை இழுத்து நேராக்கினாள். மறுநாளே அடுத்த வியாழக்கிழமை பஸ்ஸில் இரண்டு சீட்டு எடுத்தாயிற்று.

ராதோவன் சாயங்காலம் கடைக்கு வந்தபோது அவளே சொன்னாள். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

“வர்ற வியாழக்கிழமை பஸ்ல போறேன். அக்காவோட. ஒரேடியா.”

“அப்படியா?”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். “அவ்வளவுதானா?”

ராதோவனுக்குச் சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. தொண்டையில் திரும்பி வேறு வழியாகப் போயிற்று.

“ஒரு தீப்பெட்டி,” என்றான்.

தீப்பெட்டியை அவள் மேஜையில் வைத்த வேகத்தில் அது பற்றிக்கொள்ளாதது ஆச்சரியம்தான்.

மறுநாள் சுரங்கத்தில் பெப்பினோ பிடித்துக்கொண்டான். இத்தாலிக்காரன், வற்றல் மாதிரி உடம்பு, வாய் மட்டும் காது வரை.

“டேய், அவ போறாடா.”

“தெரியும்.”

“தெரிஞ்சு என்ன பண்ணினே?”

“தீப்பெட்டி வாங்கினேன்.”

பெப்பினோ மண்வாரியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துகொண்டான். “உன்னைப் பெத்தாங்களா, வெட்டி எடுத்தாங்களாடா? ‘போகாதே’. ஒரே ஒரு வார்த்தை! என் கழுதைகூடச் சொல்லியிருக்கும்.”

“உன்கிட்ட ஏதுடா கழுதை?”

“எதிர்லதான் நிக்குது. சரி, கேளு. மூஞ்சிக்கு நேரா சொல்ல வரலைன்னா குழாயில போய்ச் சொல்லு.”

ராதோவனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அது அவனுக்குத் தோன்றவேயில்லை.

அந்த ஊரில் மேட்டின் மேல் நின்று பார்த்தால் வீடு தெரியாது, குழாய்தான் தெரியும். கீழே இருக்கிற அறைக்கு ஒரு குழாய், காற்று வர. அதன் தலையில் ஒரு தகர மூடி. காற்று இறங்குகிற வழியில் பேச்சும் இறங்கும். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள். கூபர் பீடியில் பக்கம் பார்த்து ஒன்றும் பிரயோசனமில்லை, காலுக்குக் கீழே பார்க்க வேண்டும்.

ஆனால் மனிதன் சும்மா இருப்பானா? அந்தத் தொல்லையையே வசதியாக்கிக்கொண்டார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னால் சண்டை வரும், சொல்லாவிட்டால் தூக்கம் வராது என்கிற விஷயம் இருந்தால், அந்த வீட்டுக் குழாயருகே போய் நின்று தன் நாயிடம் சொல்வது. நாய் இல்லாதவர் ஆட்டிடம் சொல்லலாம். அதற்குக் குழாய்ப் பேச்சு என்று பெயர். பெயர் சொல்லக் கூடாது. கீழே கேட்டவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. மத்தியாஸ் கிழவர் தூக்க நேரத்தில் அக்கார்டியனை வாசித்துக் கொன்றுகொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் அவருடைய குழாயருகே நின்று, “ஆட்டுக்குட்டி, உன் அம்மா செத்தப்பகூட இப்படி ஒரு சத்தம் போடலையே” என்றார். அன்றோடு வாசிப்பு நின்றது. அந்த வாரமே பக்கத்து வீட்டு வாசலில், மன்னிப்புக் கேட்கிற மாதிரி, ஒரு பூசணிக்காய் இருந்தது. யார் வைத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மரியாதை என்றால் அது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே கீழே படுத்திருந்த நேரத்தில் ராதோவன் மேட்டில் ஏறினான். கூட அவனுடைய கறுப்பு நாய் கரோவ். கலியோப்பி வீட்டுக்கு மூன்று குழாய். சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு. மூலை அறைக் குழாய்க்கு மூடியே இல்லை. நீல மூடி போட்டது அவள் படுக்கும் அறை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். குழாய் வழியாக ஓணான் விழுந்தது என்று அவள் கூச்சல் போட்ட நாளில், மூடியை வெட்டி, சாயம் அடித்து, மாட்டிக் கொடுத்தவனே அவன்தான்.

நீல மூடியருகே குந்தினான். வெயில் முதுகைச் சுட்டது. கண்ணை மூடிக்கொண்டான்.

“கரோவ்,” என்றான். நாய் வாலை ஆட்டியது. “கேட்டுக்கோடா. அவ போறாளாம். போனா என்ன ஆகும், சொல்லு. இந்த ஊரைத் திட்ட ஆள் கிடையாது. ஈயைத் திட்டறா, தூசியைத் திட்டறா, என்னையும் திட்டறா. திட்டும்போது அந்த மூக்கு நுனி சிவக்குது பாரு, நான் எத்தனையோ கல்லு பார்த்தாச்சு, அந்தச் சிவப்பு எதுலயும் இல்லைடா.”

கீழே கட்டில் கிறீச்சிட்டது. ராதோவன் கரோவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். ஆனால் இத்தனை வருஷமாக அடைத்து வைத்தது அணை உடைந்த மாதிரி வந்தது.

“எதிர்ல பார்த்தா நான் மரம் மாதிரி நின்னுடறேன். மண்டைக்குள்ள இருக்கறதுல ஒண்ணுகூட நாக்குக்கு வர மாட்டேங்குது. ஆனா வீட்டுக்குப் போனா அவ அன்னைக்குத் திட்டினதை எல்லாம் ஒண்ணொண்ணா நினைச்சுப் பார்த்துட்டுத்தான் சாப்பிடவே உட்காருவேன். அவ இல்லாத ஊரு என்ன ஊருடா? வெறும் ஓட்டை. அவ இருக்கணும். இந்த மலையில, இந்த ரூம்லயே இருக்கணும். ‘போகாதே, இரு’ன்னு யாராவது அவகிட்ட சொன்னா தேவலை.”

கீழேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று மெல்ல ஏறி வந்தது. ராதோவன் அந்த வெயிலில் ஓடினான். நாய் பின்னால் ஓடியது. வீடு வந்து சேர்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, தனக்குத்தானே சிரித்தான்.

மறுநாள் சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனான். தலை வாரியிருந்தது. கரோவையும் குளிப்பாட்டியிருந்தான்.

கடையில் ஃபோட்டினி நின்றுகொண்டிருந்தாள். உதட்டில் சாயம், காதில் தொங்கட்டான். அவனைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

“வாங்க, வாங்க. உட்காருங்க. என்ன வெயில்! ஆனா இந்த ஊர் வெயில் உடம்புக்கு நல்லது.”

ராதோவன் உட்கார்ந்தான். அவன் நாய்க்கு ஒரு பெரிய எலும்பு கிடைத்தது.

“பாவம், வாயில்லாத ஜீவன்,” என்று ஃபோட்டினி கரோவின் தலையைத் தடவினாள். “அதுகிட்ட மனசு விட்டுப் பேசற ஆம்பளைங்களும் உலகத்துல இருக்காங்க. அதையெல்லாம் வெளியில சொல்லக் கூடாதாமே? நான் வந்த அன்னைக்கே தங்கச்சி சொல்லிக்கொடுத்தா. நான் சொல்ல மாட்டேன்.” சொல்லிவிட்டு ஒரு ஈயை விரட்டினாள். திட்டாமல், செல்லமாக விரட்டினாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே மூக்கு என்பதை ராதோவன் அப்போதுதான் கவனித்தான். உட்கார்ந்திருந்த ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான்.

கலியோப்பி உள்ளேயிருந்து வெங்காய மூட்டையை இழுத்து வந்தாள். அவனைப் பார்க்கவில்லை.

“உங்க அக்கா... எந்த ரூம்ல படுக்கறாங்க?” என்று ராதோவன் கேட்டான். அந்தக் கடையில் அவன் கேட்ட முதல் முழுக் கேள்வி அதுதான். கேட்டது தப்பான கேள்வி.

கலியோப்பியின் கை நின்றது. “அது உனக்கு எதுக்கு?” பிறகு வெங்காயத்தைக் கூடையில் எறிந்தபடி சொன்னாள். “என் ரூம்லதான். இருட்டுல மூச்சு முட்டுதாம். நீல மூடிக் குழாய் அகலம், கொஞ்சம் வெளிச்சம் வருதில்ல? நான் மூலை ரூமுக்குப் போயிட்டேன். போதுமா? இன்னும் ஏதாவது தெரியணுமா?”

ராதோவன் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தான். அவன் அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு வந்தது அதுவே முதல் தடவை.

பெப்பினோவிடம் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பில் சுரங்கக் கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டான். “‘உங்களுக்குச் சொல்லலை’ன்னு நீ போய்ச் சொன்னேன்னு வெச்சுக்கோ, அந்த அம்மா அவமானத்துல தங்கச்சி முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு பஸ் ஏறிடும். சொல்லலைன்னா நீ அந்த அம்மாவுக்கு மாப்பிள்ளை. ஆப்பசைச்ச குரங்கு கேள்விப்பட்டிருக்கேன்டா, இப்பத்தான் நேர்ல பார்க்கறேன்.”

“என்னடா பண்றது?”

“அதே குழாய்ல போய் மாத்திச் சொல்லு. நாசூக்கா சொல்லு.”

நாசூக்கு! அவனிடம்! ஆனாலும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மறுபடி மேட்டில் ஏறினான். நீல மூடியருகே குந்தி, “கரோவ், அன்னைக்கு நான் சொன்னேன் பாரு...” என்று தொடங்கினான்.

கீழேயிருந்து குரல் வந்தது. ஃபோட்டினி அவனிடம் பேசவில்லை. முறை தெரிந்தவள் ஆகிவிட்டாள், தலையணையிடம் பேசினாள்.

“தலகாணி, உனக்குத் தெரியுமா? அவர் போனப்புறம் பசங்க வீட்டுக்கு மாத்தி மாத்திப் போவேன். நல்ல பசங்கதான். சாப்பாடு போடுவாங்க. சாப்பிட்டுக் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள என் கைப்பையை எடுத்து வாசல்கிட்ட வெச்சிருப்பாங்க. மறந்துடக் கூடாதுன்னாம். ஒருத்தரும் தப்பா ஒண்ணும் சொல்றதில்லை. ‘இரு’ன்னும் சொல்றதில்லை.” கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. “நான் நாளைக்குக் காலையில என் சீட்டை ரத்து பண்ணிடப் போறேன், தலகாணி.”

ராதோவன் வாயைத் திறந்தான், மூடினான். யாருக்கோ வைத்த விருந்தில் பசித்தவள் ஒருத்தி வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள், இலையை இழு என்றால் எப்படி இழுப்பது? நாயைக் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிட்டான். வழி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டான். தமாஷாக இல்லை, நிஜமாகவே திட்டிக்கொண்டான்.

புதன்கிழமை அவன் சுரங்கத்தின் அடியில் இருந்தான். வேலை ஓடவில்லை, சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பெப்பினோ மேலே, ஆளைத் தூக்கி இறக்கும் விஞ்ச் இயந்திரத்தருகே இருந்தான். அந்தச் சுரங்கத்தில் ஏறி இறங்க ஒரு பலகை, ஒரு இரும்புக் கயிறு, மேலே ஒரு குட்டி எஞ்சின், அவ்வளவுதான். ஏணி என்று ஒன்று இருந்தது. அதை பெப்பினோ தன் வீட்டு ஆன்டெனாவை நிமிர்த்த எடுத்துப் போயிருந்தான்.

மேலே ஜீப் வந்து நின்றது. பிறகு குழிவாயிலிருந்து கலியோப்பியின் குரல்.

“யோவ் ராதோவன்! கீழே இருக்கியா?”

“இருக்கேன்!”

“அங்கேயே இரு! நின்னு பேச எனக்கு நேரமில்லை. நாளைக்கு பஸ்ல நான் மட்டும் போறேன். அக்கா இங்கேயே இருக்காளாம். கடை, வீடு எல்லாம் அவ பார்த்துப்பா.” குரல் கொஞ்சம் உடைந்தது, உடனே கெட்டியானது. “அவளைப் பத்திரமா பார்த்துக்கோ. அவளுக்குக் காபியில சக்கரை கூடாது. அவ்வளவுதான். நான் வரேன்.”

பின்னாலேயே ஃபோட்டினியின் குரல் குழைந்து வந்தது. “குடமிளகாய்ல அரிசி அடைச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்! சூடா இருக்கு!”

போகாதே என்று குழாயில் சொன்ன பேச்சு, போக இருந்த இரண்டு பேரில் தப்பான ஆளை நிறுத்திவிட்டு, சரியான ஆளைத் தனியாக அனுப்புகிறது. இதைவிட அழகாகத் தன் வீட்டுக்குத் தானே வெடி வைக்க யாராலும் முடியாது. ராதோவன் பலகையில் தாவி உட்கார்ந்தான்.

“பெப்பினோ! தூக்குடா! சீக்கிரம் தூக்கு!”

எஞ்சின் இருமியது, பலகை ஏறியது. பாதி தூரத்தில் எஞ்சின் நின்றது. ராதோவன் நடுக் குழியில் பொம்மை மாதிரி ஆடிக்கொண்டு தொங்கினான்.

“என்னடா ஆச்சு?”

பெப்பினோவின் தலை மேலே தெரிந்தது. “பெட்ரோல் தீந்துபோச்சு!”

“காலையிலதானேடா நிரப்பினேன்!”

“அது காலையில. பேச வேண்டியதைப் பேசு, பெட்ரோல் தானா வரும்.” தலை மறைந்தது.

மேலே ஜீப்பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் போகிறாள். ராதோவனுக்கு மானம், மரியாதை, முறை, நாய், எல்லாம் மறந்துபோயிற்று.

“கலியோப்பி!”

மனசில் இருப்பதைச் சொல்லும்போது பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு அந்த ஊர் கேட்டதில்லை.

“கலியோப்பி! நான் சொன்னது உனக்குத்தான்! நீல மூடி உன் ரூமுன்னு நினைச்சேன்! உனக்குத்தான் சொன்னேன்! உங்க அக்கா நல்லவங்க, ஆனா சொன்னது உனக்கு! அந்தச் சிவந்த மூக்கு உன்னோடது!”

சொல்லி முடித்ததும்தான் மேலே யார் யார் நிற்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். ஒரு குடமிளகாய் அவன் தொப்பியில் விழுந்து, அரிசி சிதறி, கீழே போனது. தவறி விழுந்ததா, போடப்பட்டதா என்று அவன் கேட்கவில்லை.

முதலில் கலியோப்பியின் குரல் வந்தது. “நான் குழாய்ப் பேச்சு கேக்க வரலை! மேலே வந்து மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு! பெப்பினோ, தூக்கு அந்த ஆளை!”

பெப்பினோ பதறி ஓடி எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான். இழுத்த வேகத்தில் கயிறு அறுந்து அவன் கையோடு வந்தது. “இப்ப நிஜமாவே கெட்டுப்போச்சு,” என்றான், பாவமாக.

“நகரு அந்தப் பக்கம். வாயைத் தவிர எதையும் உருப்படியா ஓட்டத் தெரியாது உனக்கு.” கலியோப்பி விஞ்சின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினாள். பலகை ஒரு முழம் ஏறியது. நின்றது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மறுபடி ஒரு முழம்.

“ஒரு ஆளா எப்படிடி இழுப்பே?” என்றது ஃபோட்டினியின் குரல். அதில் குழைவு இல்லை. “தொங்கட்டும்னு விட்டுட்டுப் போனாத்தான் எனக்குத் திருப்தி. தள்ளு. இப்படிப் பிடி. சேர்ந்து சுத்து.”

இரண்டு பேர் சுற்றினார்கள். பலகை ஏறியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபோட்டினி ஒரு திட்டுத் திட்டினாள், கலியோப்பி அதற்கு ஒன்று சேர்த்தாள். சிறுவயதில் கிணற்றடியில் இப்படித்தான் இருந்திருப்பார்கள் போலிருக்கிறது. ராதோவன் வெளிச்சத்துக்கு வந்தபோது தலைமுதல் கால்வரை வெள்ளைப் புழுதி, மீசையில் மட்டும் ஒரு பருக்கை. பெப்பினோ அவனைக் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் நிறுத்தினான்.

கலியோப்பி எதிரே வந்து நின்றாள். மூச்சு இரைத்தது. மூக்கு சிவந்திருந்தது.

“சொல்லு.”

பெப்பினோ பின்னாலிருந்து ராதோவனின் முதுகில் குத்தினான்.

“போகாதே,” என்றான் ராதோவன். “எனக்குப் பேச வராது. ஆனா போகாதே, கலியோப்பி. நீ போயிட்டா நான் செத்துப்போக மாட்டேன், அப்படியெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். ஆனா சும்மா இருப்பேன். எதுக்குன்னு தெரியாம இருப்பேன்.”

கலியோப்பி அவனை அறைந்துவிடுவாள் போல் கையை ஓங்கினாள். ஓங்கிய கையால் அவன் மீசையிலிருந்த பருக்கையைத் தட்டிவிட்டாள். “முட்டாள்,” என்றாள். “அட முட்டாள். இதைச் சொல்ல உனக்கு ஒரு பஸ் வர வேண்டியிருந்துதா?” பிறகு அழுதுவிட்டாள், ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி, சத்தமாக. ராதோவனும் அழுதான். புழுதியில் கண்ணீர் இரண்டு கோடு போட்டது.

பெப்பினோ கைதட்டத் தொடங்கி, ஃபோட்டினியைப் பார்த்து, நிறுத்திவிட்டான்.

அவள் மண்மேட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குடமிளகாய்ப் பாத்திரம். உதட்டுச் சாயத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டிருந்தாள். கலியோப்பி, “அக்கா...” என்று பக்கத்தில் போனாள்.

“ஒண்ணும் சொல்லாதே. எனக்குக் காது கேக்கும். நல்லாவே கேக்கும். அதுதான் கஷ்டமே.” ஃபோட்டினி நிமிர்ந்து ராதோவனைப் பார்த்தாள். “எனக்குச் சொல்லலை. சரி. இவளுக்குத்தான் சொன்னே. சரி, இவளே வெச்சுக்கட்டும். ஆனா இவ அதைக் கேக்கவேயில்லை, தெரியுமா? மூலை ரூம்ல குறட்டை விட்டுக்கிட்டிருந்தா. நான்தான் கேட்டேன். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும், ஒரு வார்த்தை விடாம, படுத்துக்கிட்டே கேட்டேன். சொன்னது யாருக்கா வேணும்னாலும் இருக்கட்டும். கேட்டது நான்தானே?”

ஈ மொய்த்தது. அதை அவள் விரட்டவில்லை.

“ஏதோ ஒரு முட்டாள் மேல நின்னு ‘இரு’ன்னான். இருக்கலாம்னு தோணிப்போச்சு. அவ்வளவுதான்,” என்று எழுந்தாள். “ரத்து பண்ணின சீட்டைத் திருப்பித் தருவானான்னு போய்க் கேக்கறேன்.” கைப்பையைத் தேடினாள். அது ஜீப்பின் முன் சீட்டில் இருந்தது.

ராதோவன் நான்கு எட்டில் போய் ஜீப்பின் முன்னால் நின்றான். கைப்பையை எடுத்தான். எடுத்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டான். ஃபோட்டினியின் முகத்தை நேராகப் பார்த்தான். அவனுக்கே வியப்பாக இருந்தது, தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை.

“அக்கா,” என்றான். “இருங்க.”

ஃபோட்டினி அவனையே பார்த்தாள். “நாய்கிட்டயா சொல்றே?”

“இல்லை. உங்ககிட்டத்தான். போகாதீங்க, இருங்க.”

அவள் மண்மேட்டில் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் மூக்கைச் சிந்தினாள். பிறகு பாத்திரத்தைத் திறந்து, இருந்த குடமிளகாய்களை எண்ணி, பெப்பினோவுக்குச் சின்னதாக ஒன்றைக் கொடுத்தாள், ராதோவனுக்குப் பெரிதாக ஒன்றை நீட்டினாள்.

“அந்த ரூமை மட்டும் நான் விட மாட்டேன்,” என்றாள். “இப்பவே சொல்லிட்டேன்.”